எரிமலையா, பவளமா, மூழ்கிய சேலமா: ஒரு கற்பனைத் தீவுக்கு மூன்று வரைபடங்கள்

அக்கா மகன் ப்ளஸ் டூ முடித்த கையோடு ஒரு மாயாஜாலத் தொடர்கதை எழுத ஆரம்பித்தான். நடுக்கடலில் ஒரு தீவு, மூன்று குலங்கள், ஒரு பழைய சாபம். கதை பரவாயில்லை. வரைபடம்தான் உதைத்தது. நடுவில் பனி மூடிய சிகரம், அதன் காலடியிலேயே பாலைவனம், அதையொட்டி மழைக்காடு, காட்டிலிருந்து கிளம்பி இரண்டு பக்கக் கடலிலும் போய் விழுகிற ஒரே ஆறு. "கற்பனைதானே மாமா" என்றான். மந்திரம் கற்பனையாக இருக்கட்டும்டா, தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்குத்தானே ஓடும் என்றேன். அப்புறம் சேலம் அம்மாப்பேட்டை வீட்டு மாடியில் உட்கார்ந்து, தீவு எப்படிப் பிறந்தது என்பதை முதலில் முடிவு செய்தோம். அதைத் தீர்த்துவிட்டால் மழை, ஆறு, பயிர் எல்லாம் தானாக வரிசைக்கு வந்துவிடும்.

அவனுக்குப் பிடித்தது எரிமலைத் தீவு. பிடிக்காமல் இருக்குமா? கடலடியிலிருந்து எழுந்து மூவாயிரம், நாலாயிரம் மீட்டர் நிற்கிற மலை கதைக்கு ரொம்ப வசதி. ஹவாய் தீவுக்கூட்டத்தில் கவாய் என்று ஒரு தீவு. வருஷம் முழுக்கப் பெரும்பாலும் வடகிழக்கிலிருந்தே காற்று வீசுகிறது. ஈரக் காற்று மலையில் முட்டி மேலே ஏறிக் குளிர்ந்து, வையாலேயாலே உச்சியில் ஆண்டுக்கு 10,000 மி.மீ. அளவுக்குக் கொட்டித் தீர்க்கிறது. ஈரத்தை இழந்த காற்று மறுபக்கம் இறங்கும்போது சூடாகிவிடும். அதனால் மேற்குக் கரையில் வெறும் 500 மி.மீ. அளவுதான். அவன் வரைந்த மழைக்காடும் வறண்ட நிலமும் ஒரே தீவில் இருக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் நடுவில் மலை வேண்டும், காற்றும் திசை மாறாமல் வீச வேண்டும்.

இன்னொரு கூத்து இந்தியப் பெருங்கடலில் இருக்கிற ரீயூனியன் என்ற எரிமலைத் தீவு. 1966 ஜனவரியில் ஒரு புயலின்போது அங்கே ஒரே நாளில் 1,825 மி.மீ. மழை பதிவானது. சேலத்துக்கு வருஷ மழையே ஆயிரத்துக்கு முன்பின்தான். நம் ஊரின் இரண்டு வருஷ மழையை ஒரே நாளில் இறக்கியது போல என்றதும், பையன் அதை அப்படியே சாபமாக வைத்துக்கொள்கிறேன் என்றான்.

எரிமலைத் தீவில் எனக்கு ஒரு குறை உண்டு. புதிய எரிமலைப் பாறை முழுக்கத் துளையும் வெடிப்புமாக இருக்கும். பெய்கிற மழை உள்ளே இறங்கிவிடும், மேலே ஆறாக ஓடாது. ஆற்றங்கரை நாகரிகம் வேண்டுமென்றால் தீவுக்கு நல்ல வயசாகியிருக்க வேண்டும். இளம் தீவு கரைந்தும் போகும். 1963-ல் ஐஸ்லாந்து அருகே சர்ட்ஸி என்ற தீவு கடலிலிருந்து முளைத்தது. அலை அரித்து அரித்து இப்போது அதில் பாதியளவுதான் மிச்சம். ஆயிரம் வருஷ ராஜவம்சத்தை அதன்மேல் எப்படி உட்கார வைப்பது?

பவளத் தீவைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. லட்சத்தீவு, மாலத்தீவு வகை. மாலத்தீவில் இயற்கையாக அமைந்த மிக உயரமான இடமே இரண்டரை மீட்டரைத் தொடாது. காற்றைத் தடுக்க மேடில்லை, அதனால் மழைப்பக்கம், வறண்ட பக்கம் என்ற பேச்சே இல்லை. ஆறும் கிடையாது. இருக்கிற ஒரே அதிசயம் கிணறு. பெய்த மழைநீர் மணலுக்குள் இறங்கி, கனமான உப்புநீரின் மேல் ஒரு வில்லை போல மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி வரை நல்ல தண்ணீர் இருக்கும் என்பது கணக்கு. ஆசைப்பட்டு அதிகமாக இறைத்தால் உப்பு மேலேறிவிடும். தாகத்தில் இருக்கும் ஒரே ஒரு கிராமத்தின் கதைக்கு இது பிரமாதம். மூன்று குலங்களுக்கு இடம் போதாது.

மூன்றாவது என் யோசனை. ஏற்காட்டுக்குப் பஸ்ஸில் போகும்போது தோன்றியது. மே மாதம், மதியம் இரண்டு மணி. பையன் ஒரு சின்ன வெப்பமானியைக் கையில் வைத்திருந்தான். சேலத்தில் ஏறும்போது 37. அடிவாரம் தாண்டி கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கின. ஒவ்வொரு வளைவிலும் எண்ணைச் சத்தமாகப் படித்தான், முன்சீட்டுப் பாட்டி திரும்பித் திரும்பிப் பார்த்தார். இருபது வளைவும் முடிந்து ஏரிக்கரையில் இறங்கியபோது 28. சேலம் 278 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு 1,515. கிலோமீட்டருக்கு ஆறரை டிகிரி என்ற சராசரிக் கணக்குப்படி எட்டு டிகிரி குறைய வேண்டும். பஸ் நிலையத் தார்ரோட்டுச் சூட்டையும் சேர்த்தால் ஒன்பது சரிதான்.

பகோடா பாயிண்டில் நின்றபோது கீழே சமவெளி புகைமூட்டத்தில் கடல் மாதிரியே கிடந்தது. சேர்வராயன் மலையையே தீவாக்கினால் என்ன? உலகத்தில் இல்லாததும் இல்லை. சீஷெல்ஸின் மாஹே தீவு எரிமலையும் அல்ல, பவளமும் அல்ல. கண்டம் உடைந்தபோது நடுக்கடலில் தங்கிவிட்ட கருங்கல் துண்டு.

முதலில் கடலை ஏற்றிப் பார்த்தோம். 300 மீட்டர் ஏற்றினால் சேலத்தில் ஒரு மாடி வீடுகூடத் தப்புமா என்பது சந்தேகம். தருமபுரிப் பக்கம் தரை ஒட்டிக்கொண்டே இருப்பதால் கிடைப்பது தீவு அல்ல, தீபகற்பம். 500 ஏற்றினால் தருமபுரியும் போய்விடும். கொல்லிமலை, கல்வராயன் மலை, கஞ்சமலை எல்லாம் தனித்தனித் தீவுகள். கொல்லிமலையின் எழுபது வளைவுகளில் கீழே உள்ளவை தண்ணீருக்குள் இறங்கிப் போகும். கஞ்சமலையில் காந்த இரும்புக்கல் இருப்பதால், பக்கத்தில் வரும் கப்பல்களின் திசைகாட்டி தடுமாறும் என்று பையன் எழுதிக்கொண்டான். இதெல்லாம் மந்திரமே தேவைப்படாத மந்திரம்.

ஆனால் ஒரு சிக்கல். குளிர்ச்சியைக் கடல்மட்டத்திலிருந்துதான் எண்ண வேண்டும். கடல் 500 மீட்டர் ஏறினால் ஏற்காடு ஆயிரம் மீட்டர் மலைதான். கரையில் 28 என்றால் மேலே 21, 22. ஸ்வெட்டர் வியாபாரம் படுத்துவிடும். அதனால் கடலை விட்டுவிட்டுச் சமவெளியைக் கீழே இறக்கினோம். சுற்றியுள்ள நிலம் பிளந்து தாழ, மலைகள் மட்டும் அப்படியே நிற்கின்றன. ஏற்காடு 1,515 மீட்டரிலேயே இருக்கும், கரையைவிட ஏறத்தாழ பத்து டிகிரி குளிர்ச்சி. இருந்தும் 'ஏழைகளின் ஊட்டி' என்ற பெயர் மிஞ்சுமா தெரியவில்லை. சேலம் கொதிப்பதால்தானே ஏற்காட்டுக்கு மவுசு? சுற்றிலும் கடல் இருந்தால் கரை நாற்பது டிகிரியைத் தொடாது.

மேகத்துக்கும் கணக்கு போட்டோம். காற்றின் வெப்பத்துக்கும் பனிப்புள்ளிக்கும் (காற்றிலுள்ள ஈரம் துளியாகத் தொடங்கும் வெப்பநிலை) உள்ள ஒவ்வொரு டிகிரி இடைவெளிக்கும் சுமார் 125 மீட்டர் உயரத்தில் மேகத்தின் அடிப்பக்கம் நிற்கும். கடற்கரையில் 28-ம் 23-ம் என்றால் 625 மீட்டர். அதற்கு மேலே ஈரக்காற்று வீசும் மாதங்களில் மலை முழுக்க மூட்டத்துக்குள். காபி போய்விடுமோ என்று முதலில் பயந்தேன். ஜமைக்காவில் நீலமலைக் காபி இப்படித்தான் மூட்டத்தில் விளைகிறது என்பது நினைவுக்கு வந்ததும் விட்டுவிட்டேன். ஏப்ரலில் பூமழை, அதாவது காபிச் செடியைப் பூக்க வைக்கிற மழை, கிடைத்தால் போதும். ஆரஞ்சுதான் சந்தேகம்.

இந்தத் தீவை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் காற்று. ஹவாயில் நனையும் பக்கம் பெரும்பாலும் நனைந்துகொண்டே இருக்கும், காயும் பக்கம் காய்ந்துகொண்டே இருக்கும். கதையில் அது இரண்டு குலங்களுக்கு நடுவே தீராத பகையாகத்தான் முடியும், எல்லாரும் அதைத்தான் எழுதுகிறார்கள். நம் பக்கம் காற்று திரும்புகிறது. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்கு, அப்புறம் வடகிழக்கு. மேற்கிலிருந்து வரும் கோடைக்காற்றில் மேற்குச் சரிவு நனைந்தால், வாடையில் கிழக்குச் சரிவு நனையும். காற்றுக்குத் தமிழில் திசைவாரியாகப் பெயர் வைத்தவர்கள் சும்மா வைக்கவில்லை. இப்படி ஒரு தீவில் ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஆடுமாடுகளோடு மலையைத் தாண்டிப் போக வேண்டியிருக்கும். பகையாளி வீட்டுத் திண்ணையில் பாதி வருஷம் படுக்க வேண்டும். கதை அங்கேதான் இருக்கிறது.

ஆறுகளைப் பற்றி மட்டும் பையனுக்கு வருத்தம். திருமணிமுத்தாறு மலையிலிருந்து இறங்கிய கொஞ்ச தூரத்திலேயே கடல் வந்துவிடும். படகுப் போர் நடத்த நீளம் பற்றாது. பதிலுக்குச் செங்குத்துக் கரைகளும், பள்ளத்தாக்குக்குள் கடல் புகுந்த ஆழமான துறைமுகங்களும் கிடைக்கும். மணல் கடற்கரை அனேகமாக இருக்காது.

காபி கொண்டுவந்த அக்கா வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "நம்ம வீடு எங்கடா?" என்றார். சேலம் பக்கத் தரையை 300 மீட்டர் இறக்கியிருந்தோம்.

"இருபது மீட்டர் ஆழத்துலம்மா."

"மாடித் தொட்டியாவது தப்புமா?"

தப்பாது என்றான். அக்கா டம்ளரை வரைபடத்தின் மேலேயே வைத்துவிட்டுப் போனார். காபி வட்டம் சரியாகக் கஞ்சமலைமேல் விழுந்தது. பையன் அதை அழிக்காமல் சுழல் என்று எழுதி வைத்திருக்கிறான்.