சிவப்புத் தரையா, ஆத்தங்குடியா, மொசைக்கா?

தக்கலைப் பக்கம் எங்கள் வீட்டு முன்னறையின் டைல்ஸைப் பெயர்த்தாயிற்று. பழைய வீட்டுக் களை வேண்டும் என்பதில் எல்லோருக்கும் சம்மதம். எந்தப் பழசு என்பதில்தான் சண்டை. பத்மநாபபுரம் அரண்மனையின் கறுப்புத் தரையைக் காட்டி "இது மாதிரி" என்றார் சித்தப்பா. சிரட்டைக்கரி, முட்டை வெள்ளை எல்லாம் சேர்த்தது என்பார்கள். சரி, அதை விட்டுவிடுவோம்.

என் ஆசை ரெட் ஆக்சைடு, அதாவது சிமென்ட்டில் சிவப்புப் பொடி கலந்து தேய்க்கும் தரை. வெறுங்காலுக்கு அந்தக் குளிர்ச்சியும், தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்தால் வரும் மினுக்கமும் வேறெதில் உண்டு? பொருளும் மலிவுதான். ஆனால் சிமென்ட் இறுகுவதற்குள் கரணையால் இழுத்து இழுத்துத் தேய்க்கும் கை வேண்டும். "பொடி யாரும் கலக்கலாம், தேய்க்கதுக்குத்தான் ஆளில்ல கேட்டீங்களா" என்றார் கொத்தனார். அவர் மாதிரிக்குப் போட்ட ஒரு முழத்தில் கரணை நின்ற இடமெல்லாம் பிறை பிறையாகத் தெரிந்தது. ஒரே பரப்பு என்பதால் விரிசலும் இஷ்டத்துக்கு ஓடும். ஒட்டுப்போட்டால் நிறம் சேராது.

ஆத்தங்குடிக் கல் என்கிற பூப்போட்ட சிமென்ட் டைல்ஸ் சிவகங்கை மாவட்டத்திலிருந்து வர வேண்டும். கண்ணாடித் தகட்டில் அச்சை வைத்து வண்ணக் குழம்பைக் கையால் ஊற்றுவார்கள். சூளைக்குப் போகாமல் தண்ணீரில் ஊறியே இறுகும். பளபளப்பு கண்ணாடி தந்தது. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் இரண்டு பருவமழையும் நனைக்கிற ஊர் இது. அடியிலிருந்து ஈரம் ஏறினால் உப்புப் பூக்கும், புளித்தண்ணீர் சிந்தினால் தடம் விழும். அறை முழுக்கப் பரப்பினால் அத்தனை பூவும் கண்ணைக் குத்தும். வாசற்படி அருகே ஒரு பாய் அளவுக்குப் போதும். அதே டிசைனை அச்சடித்த விட்ரிஃபைடு டைல்ஸ் குளியலறைக்குச் சரி.

சிமென்ட்டில் கல் சில்லுகளைப் பதித்துத் தேய்க்கும் மொசைக்கை யாரும் சொல்லவில்லை. எழுபதுகளில் தாத்தா போட்டது பின்னறையில் அழுக்கேறிக் கிடந்தது. சும்மா பார்ப்போமே என்று அங்கே பாலிஷ் மெஷினை ஓட்டச் சொன்னேன். காது கிழியும் இரைச்சல், கணுக்கால் வரை சாம்பல் சேறு. ஒரு வாளித் தண்ணீரை வீசியதும் அடியில் பச்சையும் வெள்ளையுமாகச் சில்லுகள், ஈர நெல்லிக்காய் மாதிரி. கட்டம் கட்டமாகக் கண்ணாடிப் பட்டை வைத்திருந்ததால் இருந்த ஒரே விரிசலும் பட்டையோடு நின்றுபோயிருந்தது. இனி மங்கினாலும் மறுபடி தேய்த்துக்கொள்ளலாம்.

முன்னறைக்கு மொசைக். திண்ணைக்கு மட்டும் ரெட் ஆக்சைடு. அந்த அளவை ஒரே நாளில் தேய்த்து முடித்துவிடலாம் என்கிறார் கொத்தனார். சித்தப்பா இன்னும் கறுப்பைத்தான் கேட்கிறார்.