எதிர்காலத்தை யோசிக்க வைக்கும் வகுப்பறைப் பெட்டி: வாங்கலாமா?

திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். மாணவர்களை எதிர்காலத்தைப் பற்றிச் சிந்திக்க வைக்கும் பயிற்சிகள் என்று விற்கப்படும், அட்டைகளும் தாள்களும் கையேடும் கொண்ட பெட்டி ஒன்றைச் சொந்தப் பணத்தில் வாங்கி, ஒரு பருவம் முழுக்க வகுப்பில் பயன்படுத்தினேன். சக ஆசிரியர்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால் எழுதுகிறேன்.

பெட்டிக்கு உயிர் கொடுப்பது எதிர்காலச் சக்கரம். ஜெரோம் கிளென் 1971-ல் உருவாக்கிய முறை. நடுவில் ஒரு மாற்றத்தை எழுத வேண்டும். அதன் நேரடி விளைவுகள் முதல் வளையம்; அந்த விளைவுகளால் வருபவை அடுத்த வளையம். விதி அவ்வளவுதான். ஆனால் பெட்டியோடு வந்த மாற்றங்கள் பறக்கும் கார், வீட்டுக்கு வீடு ரோபோ என்றே இருக்கின்றன. பிள்ளைகள் உற்சாகமாகத் தொடங்கி இரண்டாம் வளையத்தில் நின்றுவிட்டார்கள். பறக்கும் கார் வந்தாலும் வராவிட்டாலும் அவர்கள் வீட்டில் எதுவும் மாறப்போவதில்லை.

அந்த அட்டைகளை எடுத்து வைத்துவிட்டு, 'ஜூன் 12-ல் மேட்டூர் திறக்கவில்லை' என்று நடுவில் எழுதினேன். எங்கள் வயல்களுக்கு மேட்டூர் அணையிலிருந்து தண்ணீர் திறக்கும் வழக்கமான நாள் அது. சார்ட் மளமளவென்று நிறைந்தது. குறுவை நெல் சாகுபடி இல்லை, நாற்றங்கால் இல்லை, நடவு வேலை இல்லை, நகை அடகுக்குப் போகும், அப்பா திருப்பூருக்குப் போவார். "மேற்கே பம்புசெட் உள்ளவர்கள் நட்டுவிடுவார்கள் டீச்சர், நமக்குப் போர் போட்டாலும் உப்புத் தண்ணீர்தானே" என்றான் ஒருவன். அதிகம் பேசாத ஒரு மாணவி மூன்றாம் வளையத்தில் எழுதினாள்: 'என் பக்கத்தில் உட்காருகிறவள் டி.சி. வாங்கிவிடுவாள்.' பெட்டியின் எந்த அட்டையும் இந்த இடத்துக்கு எங்களைக் கொண்டுவந்திருக்காது.

அடுத்த பயிற்சி, எதிர்காலங்களை 'நடக்கக்கூடியது', 'பெரும்பாலும் நடக்கப்போவது', 'நாம் விரும்புவது' என்று பிரித்து அடுக்குவது. கையேடு இதை நேரடியாகத் தொடங்கச் சொல்கிறது. நான் முதலில் அணை திறந்த தேதிகளைக் கரும்பலகையில் எழுதினேன்: 2022-ல் மே 24, 2023-ல் ஜூன் 12, 2024-ல் ஜூலை 28, 2025-ல் ஜூன் 12. 2023-ல் உரிய நாளில் திறந்தும் தண்ணீர் பற்றாமல் வாய்க்காலின் கடைசியிலுள்ள கடைமடை வயல்களில் பயிர் காய்ந்ததைப் பிள்ளைகளே நினைவுபடுத்தினார்கள். தேதியை மட்டும் வைத்துக் கணிக்கக் கூடாது என்று அவர்களுக்குள் வாதம் கிளம்பியது. நான் எதிர்பார்த்ததைவிட நல்ல வகுப்பு அது.

நாம் விரும்பும் எதிர்காலத்தை ஓர் ஆண்டில் வைத்து, அங்கிருந்து இன்றுவரை படிப்படியாகப் பின்னோக்கி வரும் பயிற்சித் தாளைத் தயவுசெய்து தவிர்க்காதீர்கள். 2018 கஜா புயலில் தென்னைகள் சாய்ந்து கிடந்ததைச் சிறு வயதில் பார்த்த பிள்ளைகள் இவர்கள். சக்கரத்தோடு நிறுத்தினால் பயம்தான் வீட்டுக்குப் போகும். ஒரு குழு 2040-ல் தங்கள் ஊர் வாய்க்காலில் கடைசி வயல்வரை தண்ணீர் போவதாக எழுதி, ஒவ்வொரு படியாகப் பின்னே வந்து, இந்தக் கோடையில் தூர்வாரச் சொல்லிக் கிராம சபையில் மனு கொடுப்பதில் முடித்தது. மனுவையும் அவர்களே எழுதினார்கள்.

குறைகளும் உண்டு. கையேட்டின் தமிழ் மொழிபெயர்ப்பை இரண்டு முறை படித்தால்தான் விளங்குகிறது. எந்தப் பயிற்சியும் ஒரு பாடவேளைக்குள் முடிவதில்லை. 'நீ என்னவாகப் போகிறாய்?' என்ற அட்டைகள் எதிர்காலத்தையே ஒரு வேலையாகச் சுருக்கிவிடுகின்றன. மதிப்பெண் தாளைத் தொடவே தொடாதீர்கள், மார்க் என்றதுமே "எது சரியான விடை டீச்சர்?" என்று கேட்கத் தொடங்கிவிடுகிறார்கள்.

பள்ளிக்கு ஒரு பெட்டி போதும். சக்கரத்தைச் சார்ட்டில் நாமே வரைந்துகொள்ளலாம். எழுதாத வெற்று அட்டைகள் மிகக் குறைவாக இருக்கின்றன, எங்கள் வகுப்பில் முதலில் தீர்ந்தவையும் அவைதான். அடுத்த பதிப்பில் ரோபோ அட்டைகளில் பாதியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வெற்று அட்டைகளைச் சேர்த்தால் இன்னொரு பெட்டியும் வாங்குவேன்.