‘காற்றைச் சுத்தம் செய்யும் செடி பேக்கேஜ்’: டெல்லியில் இருப்பவர்கள் கவனம்

டெல்லி, நொய்டா, குர்கான் பக்கம் இருக்கும் நம் ஆட்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். வீட்டில் வயதானவர்களோ வீசிங் உள்ள குழந்தைகளோ இருந்தால் கட்டாயம் படியுங்கள்.

தீபாவளி நெருங்கியதும் சொசைட்டி மேளாக்களில் புடவை, ஊறுகாய், அகல் விளக்கு ஸ்டால்களுக்கு நடுவே செடி ஸ்டாலும் ஒன்று முளைத்துவிடுகிறது. செடி விற்பதில் தப்பே இல்லை. ஆனால் வீட்டுக் காற்றில் இருக்கும் விஷத்தை எடுத்துவிடும் என்று சொல்லி, வீட்டுக்கே வந்து மீட்டரில் அளந்து காட்டி, ‘பேக்கேஜ்’ விற்கிறார்கள். மயூர் விஹாரில் எங்களிடம் 18,500 ரூபாய் வாங்கினார்கள். பதினான்கு தொட்டிகள், அதோடு ஆறு மாதப் பராமரிப்பு. பராமரிப்புக்கு மட்டும் அதில் 6,000.

வந்தவர் தமிழ்க்காரர். ஸ்டாலில் நாங்கள் பேசிக்கொண்டதைக் கேட்டதும், “எந்த ஊர் சார் நீங்க? கும்பகோணமா? எங்க அம்மாவுக்கு திருவாரூர்” என்று ஆரம்பித்தார். இங்கே இந்திக்கு நடுவில் தமிழ்ச் சத்தம் கேட்டாலே மனசு இளகிவிடும், அது எல்லோருக்கும் தெரியும். அப்பா இருமியதைப் பார்த்துவிட்டு, “ஐயாவுக்காக நானே வீட்டுக்கு வந்து காத்தை அளந்து காட்டறேன், அதுக்குக் காசு வேண்டாம்” என்றார். எங்கள் பக்கத்துத் தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் இதே ஆளிடம் வாங்கிய குடும்பங்கள் இன்னும் சில இருப்பது பிறகுதான் தெரியவந்தது.

அளந்து காட்டிய விதத்தை விவரமாகச் சொல்கிறேன். மோசடியே அதில்தான் இருக்கிறது.

முதலில் ஹால். வாசல் கதவு திறந்திருந்தது, அடுக்களையில் தாளித்துக்கொண்டிருந்தார்கள். அவர் கையில் சானிடைசர் தேய்த்துக்கொண்டு மீட்டரை எடுத்தார். காற்றில் உள்ள நுண்தூசியைக் காட்டும் பி.எம். 2.5 என்ற எண் முன்னூறைத் தாண்டியது. ஃபார்மால்டிஹைடு என்ற நச்சு வாயுவின் எண் சிவப்பில் மின்னியது. அப்புறம் கையோடு கொண்டுவந்த ஒரு அரிக்கா பாம் தொட்டியை அப்பாவின் அறையில் வைத்து, கதவைச் சாத்திவிட்டு வந்து காபி குடித்தார். குடித்து முடித்ததும் உள்ளே போய் அளந்தார். அறுபதுக்கும் கீழே. “பாத்தீங்களா ஐயா, ஒரே ஒரு செடிக்கே இப்படி. பதினாலு வெச்சா எப்படி இருக்கும்?” என்று அப்பாவின் கையில் மீட்டரைக் கொடுத்தார்.

அப்பாவின் அறையில் காலையிலிருந்தே ஏர் பியூரிஃபையர் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. எண்ணைக் குறைத்தது அந்த மெஷின்தான். செடிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. எங்கள் பிளாக்கில் அளவுக் கருவிகள் சரியாகக் காட்டுகின்றனவா என்று சோதித்துச் சரிசெய்யும் காலிபரேஷன் வேலையில் இருக்கும் ஒருவர் இதைக் கேட்டதும் சானிடைசர் விஷயத்தையும் பிடித்துவிட்டார். விலை குறைந்த கையடக்க மீட்டர்கள் ஃபார்மால்டிஹைடை மட்டும் தனியாகப் பிரித்து அளப்பதில்லை. சானிடைசரில் உள்ள ஆல்கஹால், சென்ட், ஊதுபத்தி, எது பட்டாலும் எண் எகிறும். கை காய்ந்ததும் தானாகவே இறங்கும்.

கீழே இறங்கிய அந்த அறுபதும் ஒன்றும் பெருமைக்குரிய எண் இல்லை. 24 மணி நேரச் சராசரிக்கு இந்தியா வைத்திருக்கும் வரம்பு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்னது 15.

கையில் ஒரு லேமினேட் செய்த தாளும் வைத்திருந்தார். மேலே நாசா முத்திரை, கீழே ‘நாசா சான்றளித்த செடிகள்’. நாசா எந்தச் செடிக்கும் சான்றிதழ் தருவதில்லை. உண்மையில் நடந்தது வேறு. 1989-ல் நாசாவில் வுல்வர்டன் என்ற விஞ்ஞானி, விண்வெளியில் மூடிய இடத்தில் வாழ வேண்டியவர்களை மனதில் வைத்து, காற்றுப் புகாத சிறிய பெட்டிகளில் செடிகளை வைத்துப் பார்த்தார். பென்சீன், ட்ரைகுளோரோஎத்திலீன், ஃபார்மால்டிஹைடு ஆகிய வாயுக்கள் குறைந்தன. ஆய்வு பொய்யில்லை. ஆனால் நம் வீடு மூடிய பெட்டி இல்லை. கதவிடுக்கு, ஜன்னலிடுக்கு, அடுக்களை எக்ஸாஸ்ட் வழியாகக் காற்று மாறிக்கொண்டே இருக்கிறது. அந்த மாற்றம் எடுத்துப் போகும் வாயுவோடு ஒப்பிட்டால் செடி எடுப்பது சொற்பம்.

2019-ல் அமெரிக்காவின் ட்ரெக்சல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கம்மிங்ஸ், வேரிங் என்ற இருவர் பழைய ஆய்வுகளை எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டார்கள். சாதாரணமாக நடக்கும் காற்று மாற்றத்துக்கு ஈடாக வேண்டுமானால் ஒரு சதுர மீட்டருக்குப் பத்திலிருந்து ஆயிரம் செடி வரை வேண்டும் என்று வந்தது. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை ஒன்றுக்கு, குறைந்தபட்சக் கணக்கிலேயே நூறு செடிக்கு மேல். படுக்க இடம் இருக்காது. அதுவும் வாயுக்களுக்கு மட்டும்தான். டெல்லியில் நவம்பரில் நம் நெஞ்சை அடைப்பது பி.எம். 2.5 என்ற நுண்தூசி. நாசா பெட்டிச் சோதனை அதைப் பற்றியதே இல்லை. இலையில் கொஞ்சம் தூசி படியும், அவ்வளவுதான்.

நேரு பிளேஸில் ஆயிரத்துக்கு மேல் செடி வைத்திருக்கும் அலுவலகக் கட்டடம் ஒன்றின் படமும் அந்தத் தாளில் இருந்தது. அதை நடத்திய தொழிலதிபர் கமல் மீட்டில் 2009-ல் டெட் (TED) என்ற உரை மேடையில் பேசியது அந்தக் கட்டடத்தைப் பற்றித்தான். அங்கே வெளிக்காற்றைக் கழுவவும் வடிகட்டவும் தனியே இயந்திரங்கள் உண்டு. இந்தத் தாளில் அந்தப் பாதியைக் காணோம்.

இன்னொன்று, ‘ராத்திரியில் ஆக்சிஜன் தரும்’ என்று ஸ்நேக் பிளான்ட்டைக் கட்டில் பக்கத்தில் வைக்கச் சொன்னார். அந்தச் செடி இரவில் இலைத்துளைகளைத் திறந்து கார்பன் டை ஆக்சைடை எடுத்துச் சேமித்து வைக்கும், அது சரி. ஆக்சிஜன் உண்டாக வெளிச்சம் வேண்டும். இருட்டறையில் எந்தச் செடியும் ஆக்சிஜன் உண்டாக்காது.

இதுவரை சொன்னதெல்லாம் பணம் போன கதை. எனக்கு இன்னும் ஆறாமல் இருப்பது வேறு. செடிகளோடு வந்த பராமரிப்புத் தாளில் முதல் வரியே ‘ஏர் பியூரிஃபையர் மெஷினை நிறுத்திவிடவும், அதன் காற்றில் செடிகள் வாடும்’ என்று இருந்தது. “ஃபில்டர் மாத்தற செலவும் மிச்சம் சார்” என்று வாயாலும் சொன்னார். மெஷினை நிறுத்தினோம். தீபாவளி முடிந்து டெல்லிக் காற்று மோசமாக இருந்த வாரம் அது. அப்பா இரவில் உட்கார்ந்தபடியே தூங்க ஆரம்பித்தார். நெபுலைசர் வைக்க ஓடும்படி ஆயிற்று. நுரையீரல் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, “வீட்டில் பியூரிஃபையர் ஓடுகிறதா?” அடுத்ததாக, அறையில் ஈர மண் தொட்டிகள் இருப்பதைக் கேட்டதும் உடனே வெளியே எடுக்கச் சொன்னார். எப்போதும் ஈரமாக இருக்கும் மண்ணில் பூஞ்சை வளரும், அது வீசிங் உள்ளவர்களுக்கு ஒத்துக்கொள்ளாது.

தொட்டிகளைப் பால்கனிக்குத் தூக்கிப் போன அன்றுதான் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தோம். அழகான பீங்கான் தொட்டி, அடியில் ஓட்டையே இல்லை. மேலே வெள்ளைக் கூழாங்கற்களைப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள், மண்ணை யாரும் தொட்டுப் பார்க்க முடியாது. உள்ளே கல் மாதிரி களிமண் உருண்டை, அதன் அடியில் நாற்றமெடுத்த தண்ணீர். ஸ்நேக் பிளான்ட் என்று வந்தவற்றில் பாதி, வேரே விடாத இலைத் துண்டுகள். கடையில் பளபளத்த இலைகள் எல்லாம் ஸ்ப்ரே அடித்த பளபளப்பு. ஈர மண்ணிலிருந்து சின்னச் சின்னக் கொசு மாதிரி பூச்சிகள் வீடெல்லாம் பறந்தன.

குழந்தைகள் அறைக்கென்று சிபாரிசு செய்து வைத்துவிட்டுப் போனது டைஃபன்பாக்கியா. கருணைக்கிழங்கு நாக்கை அரிக்கிறதே, அதே கால்சியம் ஆக்ஸலேட் ஊசிகள்தான் அந்தச் செடியிலும் இருக்கின்றன. இரண்டும் ஒரே குடும்பம். குழந்தை இலையைக் கடித்தால் வாயும் தொண்டையும் எரிந்து வீங்கும். மணி பிளான்ட், பீஸ் லில்லி, அக்லோனிமா எல்லாமே அந்தக் குடும்பம்தான். தவழும் குழந்தையோ பூனையோ இருக்கும் வீட்டில் இவை கைக்கெட்டாத உயரத்தில் இருக்க வேண்டும். ‘குழந்தைகளுக்கு ஏற்றது’ என்று சீட்டு ஒட்டி விற்றதை எந்த விதத்திலும் மன்னிக்க முடியாது.

பராமரிப்புக்கு வர வேண்டிய மாலி (தோட்டக்காரர்) டிசம்பர் ஆனதும் வருவதை நிறுத்திவிட்டார். விற்றவரைத் தொலைபேசியில் கேட்டால், “தண்ணி அதிகமா ஊத்திட்டீங்க சார்.” ஓட்டை இல்லாத தொட்டியைக் கொடுத்தவர் சொல்கிற பதில் இது. பணத்தைக் கேட்டால் அடுத்த முறை வாங்கக் கூப்பன் தருகிறேன் என்றார். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்த பிறகு அந்த 6,000 மட்டும் திரும்ப வந்தது. மீதிக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறோம். கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். அந்த லேமினேட் தாளின் படம், பராமரிப்புத் தாள், யு.பி.ஐ. ரசீது மூன்றும்தான் எங்களிடம் இருக்கும் சாட்சி. உங்களிடமும் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள்.

செடி ஆசை இருப்பவர்கள் தாராளமாக வாங்குங்கள், எங்கள் வீட்டிலும் இப்போது இருக்கிறது. சாலையோர நர்சரியில் 250 ரூபாய்க்கு நல்ல அரிக்கா பாம் கிடைத்தது. வாங்கும்போது தொட்டியைச் சாய்த்து அடியில் ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். தண்டை லேசாக அசைத்துப் பாருங்கள், வேர் பிடித்த செடி ஆடாது. இலையின் அடிப்பக்கத்தில் பஞ்சு மாதிரி வெள்ளையாக இருந்தால் மாவுப்பூச்சி, அதை வீட்டுக்குள் கொண்டுவந்தால் மற்ற செடிகளுக்கும் பரவும். நர்சரியில் பச்சை வலைக்கு அடியில் வளர்ந்ததை நேராக இருட்டு மூலையில் வைத்தால் இலை கொட்டும். ஜன்னல் பக்கம் வைத்து மெல்ல மெல்லப் பழக்குங்கள். அரிக்காவுக்கு வெளிச்சம் வேண்டும், குறைந்த வெளிச்சத்தைத் தாங்குவது ஸ்நேக் பிளான்ட்டும் இசட்-இசட் (ZZ) செடியும்.

தண்ணீர் விஷயத்தில் டெல்லிக்காரர்களுக்கு ஒன்று. ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் தண்ணீரை வீணாக்க மனம் வராமல் பலர் செடிக்கு ஊற்றுகிறார்கள். அதில் உப்பு இன்னும் அதிகம். அரிக்கா, ஸ்பைடர் பிளான்ட் இரண்டுக்கும் இலை நுனி கருகும். அந்தத் தண்ணீரைத் தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள். மண்ணில் விரலை இரண்டாவது கணு வரை விட்டு, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். ஜனவரிக் குளிரில் ஸ்நேக் பிளான்ட்டுக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை போதும். ரூம் ஹீட்டர் பக்கத்தில் எதையும் வைக்க வேண்டாம். ஈரத் துணியால் இலையைத் துடைத்தால் போதும், பளபளப்பு ஸ்ப்ரே தேவையே இல்லை.

வீசிங் உள்ளவர் தூங்கும் அறையில் நவம்பரிலிருந்து ஜனவரி வரை மெஷின் ஓடட்டும். அறையின் அளவுக்குப் பொருத்தமான, நுண்தூசியைப் பிடிக்கும் ஹெப்பா (HEPA) ஃபில்டர் மெஷின், நேரத்துக்கு மாற்றிய ஃபில்டர். இதற்குப் பதில் செடி என்று யார் சொன்னாலும், நம் ஊர்க்காரர் சொன்னாலும் கேட்காதீர்கள்.

யாராவது மீட்டரோடு வந்தால் வீட்டில் ஓடும் மெஷினை முதலில் நிறுத்திவிடுங்கள். ஜன்னல்களைச் சாத்திவிட்டு, ஒரே அறையில், ஒரே மேசையில், செடி இல்லாமல் ஒரு மணி நேரமும் செடியோடு ஒரு மணி நேரமும் அளக்கச் சொல்லுங்கள். நோயாளியை மட்டும் அதுவரை வேறு அறையில் உட்கார வையுங்கள். எங்கள் பிளாக் காலிபரேஷன்காரர் இந்த ஜனவரியில் அதே ஆளை அப்படிச் செய்யச் சொன்னபோது, அடுத்த வீட்டுக்கு நேரமாகிவிட்டது என்று மீட்டரைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.