ஏட்காம் பயிற்சி: கையேடு நன்று, கேஸ் ஷீட்தான் கெடுக்கிறது

எம்பிபிஎஸ் படிப்பில் 2019 முதல் சேர்ந்திருக்கும் ஏட்காம் பயிற்சியில் 27 பாடத்தொகுதிகள். மனப்பாங்கு, அறநெறி, நோயாளியுடன் பேசும் முறை ஆகியவையே பாடம். கையேட்டை மட்டும் பார்த்தால் தாராளமாகப் பாராட்டலாம். முதலாண்டு மாணவரையே வார்டுக்கு அனுப்பி, நோயாளியாக இருப்பது எப்படி என்று படுத்திருப்பவரிடமே கேட்டுவரச் சொல்கிறது.

நோயாளி சொல்வதை மாணவர் எழுதிவைக்கும் கேஸ் ஷீட் கைக்கு வந்ததும்தான் சிக்கல். முதன்மைத் தொந்தரவை நோயாளியின் சொந்த வார்த்தையில் எழுத வேண்டும் என்பது விதி, எழுதுவதோ ஆங்கிலத்தில். "குடையுது", "கடுக்குது", "சுருக்குனு குத்துது", "விண்ணு விண்ணுனு தெறிக்குது" எல்லாம் 'பெயின்' என்ற ஒரே சொல்லில் அடங்கிப்போகின்றன. சீழ் கட்டினால் விண்ணென்று தெறிக்கும் என்பது பாட்டிக்கும் தெரியும். அந்தத் துப்பு தாளில் ஏறுவதில்லை.

"மயக்கம்" இன்னும் ஆபத்து. தலை சுற்றினாலும் மயக்கம், நினைவு தப்பி விழுந்தாலும் மயக்கம், வெறும் அசதிக்கும் அதே சொல்தான். 'கிடினஸ்' (தலைசுற்றல்) என்று எழுதிவிட்டால், உடனே இசிஜி எடுக்க வேண்டியவர் காது மூக்கு தொண்டைப் பிரிவு வரிசையில் நிற்பார். "சுத்துச்சா, இல்ல நினைவே இல்லாம விழுந்துட்டீங்களாம்மா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

வைவா என்ற வாய்மொழித் தேர்வும் தன் பங்குக்குக் கெடுக்கிறது. சர்க்கரை உண்டா, பிபி உண்டா என்ற வரிசையில் ஒன்று விட்டாலும் மார்க் போகும். அந்தப் பதற்றத்தில் பழகியவர் பேச்சை இடைமறிக்கவே செய்வார். அமெரிக்காவில் பெக்மன், ஃப்ராங்கல் 1984இல் வெளியிட்ட ஆய்வில், 74 சந்திப்புகளில் 23 சதவீத நோயாளிகளே முதல் பேச்சைச் சொல்லி முடித்தார்கள். இடைமறிப்பு சராசரியாக 18 நொடியில் வந்தது. விட்டுவிட்டால் மணிக்கணக்கில் பேசுவார்களா? 2002இல் வெளியான சுவிட்சர்லாந்து ஆய்வில், இடைமறிக்காமல் விட்டபோது நோயாளிகள் பேசியது சராசரி 92 நொடி.

இந்தப் பயிற்சி சிறு குழுவுக்கானது. 150 பேரை அரங்கில் உட்காரவைத்து ஸ்லைடு காட்டி, பயிற்சி முடித்ததைப் பதியும் லாக்புக்கில் கையெழுத்து வாங்கினால் பேச்சுப் பயிற்சி நடக்கவே நடக்காது. நடத்தும் ஆசிரியர்கள் மூன்று மாற்றம் செய்தால் உடனே பலன் தெரியும். முதல் இரண்டு நிமிடம் கேள்வி கேட்கக் கூடாது. கேஸ் ஷீட்டின் முதல் வரியைத் தமிழிலேயே, சொன்னது சொன்னபடி எழுத வேண்டும். "வேற ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்ட பிறகே சர்க்கரை, பிபி வரிசைக்குப் போக வேண்டும், இந்த மூன்றுக்கும் கிளினிக்கல் தேர்வில் தனி மார்க் வேண்டும்.