மணப்பாடு பக்கம் நாயோட தங்கப் போறவிய இத படிச்சிட்டு அட்வான்ஸ் போடுங்க

குலசை, மணப்பாடு பக்கம் "தோப்புக்குள்ள காட்டேஜ், பெட்ஸ் கூட்டிட்டு வரலாம், கடல் கிட்டக்க"ன்னு விளம்பரம் பாத்து பணம் போடப் போறவியளுக்குத்தான் இந்தப் பதிவு. பேரு போடல, போட்டா கேஸு அது இதுன்னு கெளம்பிருவாவ.

நாங்க பாளையங்கோட்டை. எங்க நாய் கருப்பன் சிப்பிப்பாறை, நம்ம நாட்டு வேட்டை நாய் ஜாதி, ஓட எடம் இருந்தாத்தான் அவனுக்கு சோறு எறங்கும். மணப்பாட்டுல மேட்டு மேல சிலுவைக் கோயில், 1542ல சவேரியார் வந்து தங்குன குகை எல்லாம் பாத்துட்டு வருவோம், அவனும் கடக்கரைல ஓடட்டும்னு வீட்டுல ஆசைப்பட்டாவ. ஒரு ராத்திரிக்கு 4500, நாய்க்கு 800, அதுக்கு மேல பெட் டேமேஜ் டெபாசிட்னு 3000, மொத்தத்தையும் ஜிபேல முன்கூட்டியே வாங்கிட்டாவ.

போயி பாத்தா போட்டோல இருந்த முந்திரி தோப்பு பக்கத்துக்காரவியளோடது. இவிய எடத்துல நாலஞ்சு பனை, மிச்சம் பூரா சீம உடை, அதான் சீமக் கருவேல மரம், கால வச்சா முள்ளு. வேலி வாசப் பக்கம் மட்டும் ஜோரா இருக்கு, பின்னால தேரி, அதான் செம்மணல் மேடு, அது வரைக்கும் தொறந்து கெடக்கு, அங்கன மயிலு திரியுது, சிப்பிப்பாறை வளக்கவியளுக்கு நான் சொல்லவே வேண்டாம், மயில கண்டா கயித்தோட நம்மளையும் சேத்து இழுத்துட்டுப் போயிருவான். அதனால அவுத்து விடவே முடியல. வெயிலு ஏறிட்டுன்னா அந்த செம்மண்ணு கொதிக்கு, ஒரு கால தூக்கி வச்சிட்டு அடுத்த கால தூக்குதான், நின்ன எடத்துலயே ஆடிக்கிட்டு நிக்கான்.

இதெல்லாம் கூட போட்டும். சாவி குடுக்க வந்த பெரியவரு, "அண்ணாச்சி, நாய உள்ள விடக்கூடாதுன்னு மொதலாளி சொல்லிருக்காவ, பின்னால செட்டுல கட்டிக்கிடுங்க"ங்காரு. மொதலாளிக்கு போன போட்டா, "நாய் வரலாம்னு தான சார் சொன்னோம், ரூமுக்குள்ளன்னு சொன்னோமா?"ன்னு கேக்கான். அப்ப 800 ரூவா எதுக்குல? மல்லுக்கட்டி ஒருவழியா உள்ள விட்டாவ. பெரியவர குத்தம் சொல்ல மாட்டேன், பாவம், அவரு தான் ஓடி ஓடி பதநி வாங்கிட்டு வந்து குடுத்தாரு.

ராத்திரி கருப்பன் படுக்கவே மாட்டேங்கான், சொறிஞ்சுக்கிட்டே கெடக்கான். கட்டிலுக்குப் பின்னால சொவத்து வெடிப்புல டார்ச் அடிச்சா உண்ணி, பொடி உண்ணி வரிசையா மேல ஏறுது, ரத்தம் குடிச்சது ஆமணக்கு முத்து கணக்கா வெடிப்புக்குள்ள இருக்கு. நாய் உண்ணி நாய் மேல இருக்கத விட சொவத்துலயும் தரையிலயும் தான் அதிகமா கெடக்கும், ஒத்த உண்ணி ஆயிரக்கணக்குல முட்ட போடும், அதனால நாய் வந்து போற ரூமுக்கு மருந்தடிச்சே ஆவணும். இவிய பினாயில் ஊத்துனதோட சரி.

ஊருக்கு வந்து கொஞ்ச நாள்ல கருப்பனுக்கு காய்ச்சல், சோத்த மோந்து கூட பாக்கல. ராமையன்பட்டி வெட்னரி காலேஜுக்கு தூக்கிட்டு ஓடுனோம், ரத்தம் எடுத்து பாத்துட்டு பிளேட்லெட் கொறஞ்சிருக்கு, உண்ணிக் காய்ச்சல்னுட்டாவ. டாக்சிசைக்ளின் மாத்திர ஒரு மாசத்துக்கு, இப்ப இட்லிக்குள்ள ஒளிச்சு வச்சு குடுத்துக்கிட்டு இருக்கோம், தேறிட்டான்.

டெபாசிட்ட கேட்டா மெத்த கிழிஞ்ச போட்டோவ அனுப்பி, உங்க நாயி கடிச்சதுன்னு 3000த்தையும் புடிச்சிக்கிட்டான். அது பழைய கிழிசல், பாதி வரைக்கும் கை தையல் போட்டு அந்த நூலும் வெளுத்துப் போயி இருக்கு, அவன் போட்டோலயே அது தெரியுது! நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915ல புகார் போட்டிருக்கேன்.

அந்தப் பக்கம் போறவிய, வேலி நாலு பக்கமும் இருக்கான்னு வீடியோ கால்ல சுத்திக் காட்டச் சொல்லுங்க, நாய் எங்க படுக்கும்னு வாட்ஸ்அப்ல எழுதியே வாங்கிக்கிடுங்க, உண்ணி மருந்து எப்ப அடிச்சாவன்னு கேளுங்க, உள்ள போனதும் மெத்த, சோபா எல்லாத்தையும் வீடியோ எடுத்து அவியளுக்கே அனுப்பி விட்டுருங்க. தண்ணி கேன்ல கொண்டு போங்க, போர் தண்ணி உப்பு, கருப்பன் வாய் வைக்கல.

நேத்து மொதலாளி கூப்பிட்டான், புகார வாபஸ் வாங்குனா பாதிப் பணம் தாரானாம். முழுசையும் போடு, பெறவு பேசுவோம்னு வச்சிட்டேன்.