வகுப்பா, கூடுகையா: புது நாட்டில் ஆங்கிலம் பேசிப் பழக எங்கே போவது?

வட்டமாகப் போட்ட பன்னிரண்டு நாற்காலிகள். நடுவில் ஒன்றுமில்லை. வகுப்பை நடத்தும் அம்மா, பணி ஓய்வு பெற்றவர், ஒவ்வொருவரிடமும் "நேற்று என்ன செய்தீர்கள்?" என்று கேட்டுக்கொண்டே வருகிறார். என் முறை வருவதற்குள் வாக்கியத்தை ஐந்து தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டேன். கடைசியில் வாயிலிருந்து வந்தது: "ஐ கோ டு டாக்டர் எஸ்டர்டே." அவர் முகத்தில் அக்கறை. "ஓ, யூ வென்ட் டு த டாக்டர்? இஸ் எவ்ரிதிங் ஓகே?" நான், "யெஸ், யெஸ், ஐ கோ" என்றேன். எல்லோரும் அன்பாகத் தலையாட்டினார்கள். முறை அடுத்தவருக்குப் போனது.

பள்ளியில் பன்னிரண்டு வருடம் ஆங்கிலம் படித்தவன் நான். எழுதச் சொல்லியிருந்தால் 'வென்ட்' என்று சரியாக எழுதியிருப்பேன். அவர் அன்று என்னைத் திருத்தினார் என்பதே எனக்கு உறைக்கச் சில மாதங்கள் ஆயின.

புதிதாக ஒரு நாட்டுக்கு வந்து, ஆங்கிலம் பேச நாக்கு எழாமல் திணறுபவர்களுக்கு இரண்டு கதவுகள் திறந்திருக்கும். ஒன்று, தன்னார்வலர்கள் நடத்தும் உரையாடல் வகுப்பு. நூலகத்திலோ சமூக மையத்திலோ தேவாலயக் கூடத்திலோ நடக்கும். இன்னொன்று, புதியவர்களுக்கான கூடுகை. பலகை விளையாட்டு, சேர்ந்து நடப்பது, பின்னல் வேலை, இல்லை சும்மா அரட்டை. அறிவிப்புத் தாளில் பார்த்தால் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும்: இலவசம், யாரும் வரலாம், சிரித்த முகங்கள்.

எதற்குப் போகலாம் என்று கேட்டால், "இரண்டுக்கும் போங்களேன்" என்று சொல்லிவிடுவது சுலபம். வேலை, பிள்ளை, பஸ் எல்லாம் போக வாரத்தில் மிஞ்சுவது ஒரே ஒரு மாலை என்பவருக்கு அந்தப் பதிலால் பிரயோஜனமில்லை. நான் ஒன்றரை வருடம் இரண்டிலும் மாறி மாறி உட்கார்ந்தேன். அப்புறம் இரண்டு வருடம் நானே ஒரு வகுப்பை நடத்த உதவினேன். அதனால் எனக்கு ஒரு கட்சி உண்டு. அதைச் சொல்லுமுன் கணக்கைப் பார்த்துவிடலாம்.

பன்னிரண்டு பேர், அறுபது நிமிடம். நடத்துபவர் பாதி நேரம் பேசுவதாக வைத்துக்கொள்வோம். (பேசுவார். பேசப் பிடித்தவர்கள்தானே இந்த வேலைக்கு வருவார்கள்.) மிச்சம் முப்பது நிமிடத்தைப் பன்னிரண்டு பேர் பங்கு போட்டால் ஆளுக்கு இரண்டரை நிமிடம். ஒரு வருடம் முழுக்க ஒரு வாரம்கூட விடாமல் போனாலும் நீங்கள் வாய் திறந்து பேசியது இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். அதே பன்னிரண்டு பேரை இரண்டிரண்டு பேராக உட்கார வைத்து நாற்பது நிமிடம் பேசவிட்டால் ஒவ்வொருவருக்கும் இருபது நிமிடம் கிடைக்கும். எட்டு மடங்கு. ஆகவே ஒரு வகுப்புக்கு முதல் நாள் போனால் பாடப் புத்தகத்தையும் சான்றிதழையும் பார்க்காதீர்கள். நாற்காலிகள் எப்படிப் போடப்பட்டிருக்கின்றன என்று பாருங்கள். வட்டமாக இருந்து, கடைசி வரை வட்டமாகவே இருந்தால் வேறு இடம் தேடலாம்.

இந்தக் கணக்கில் கூடுகை ஜெயிக்கும். இரண்டு மணி நேரக் கூடுகையில் ஒரு நல்ல ஆள் வாய்த்துவிட்டால் நாற்பது நிமிடம் தாராளமாகப் பேசலாம். யாரும் கையைத் தூக்கச் சொல்வதில்லை, முறை வருமே என்ற வயிற்றுக் கலக்கம் இல்லை. வகுப்பில் நடத்துபவர் நமக்காக நிறுத்தி நிதானமாகப் பேசுவார். கூடுகையில் நாலு நாட்டுக்காரர் நாலு விதமாக ஆங்கிலத்தை மென்று துப்புவார்கள், பின்னால் சத்தம் வேறு. வெளியே கடையிலும் தொலைபேசியிலும் நம் காதில் விழப்போவது இந்த ஆங்கிலம்தான். கேட்டுப் பழக இதைவிட நல்ல இடம் கிடையாது. எந்த மருத்துவரிடம் சீக்கிரம் நேரம் கிடைக்கும், வாடகை வீட்டுக்காரர் முன்பணத்தைத் திருப்பித் தராவிட்டால் எங்கே போய்ச் சொல்வது என்பதெல்லாம் எனக்குக் கூடுகையில் கிடைத்த ஞானம். அப்புறம், தனிமை. அதைப் பற்றி நீட்டி முழக்க வேண்டியதில்லை; புது ஊரில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தனியாகக் கழித்தவர்களுக்குத் தெரியும்.

ஆனால் கூடுகைக்கு என்றே ஒரு நோய் இருக்கிறது. நான் அதை ஐந்து கேள்வி ஆங்கிலம் என்பேன். எந்த நாடு, என்ன வேலை, வந்து எவ்வளவு நாளாச்சு, இங்கே பிடித்திருக்கிறதா, குளிர் எப்படி. ஆறே மாதத்தில் இந்த ஐந்துக்கும் நான் அந்த ஊரிலேயே பிறந்தவன் மாதிரி சரளமாகப் பதில் சொன்னேன். ஆறாவது கேள்வி வந்ததும் பழையபடி நாக்கு ஒட்டிக்கொண்டது. ஒவ்வொரு வாரமும் புது முகங்கள் வந்துபோகிற கூடுகையில் பேச்சு இந்த ஐந்தைத் தாண்டாது. அதே ஆட்கள் திரும்பத் திரும்ப வருகிற சின்னக் குழுவில்தான், "உன் தங்கை கல்யாணம் என்ன ஆயிற்று?" என்று யாராவது கேட்பார்கள். நீங்களும் கதை சொல்லியே ஆக வேண்டும். கூட்டம் பெரிதாக இருக்கும் கூடுகையை நான் ஒதுக்குவது இதனால்தான்.

இன்னொரு ஆபத்து நாம். அறைக்குள் நுழைந்ததும் ஒரு தமிழ் முகம் தென்பட்டுவிட்டால் போதும். "நீங்க எந்த ஊரு?" என்று ஆரம்பித்து, இரண்டு மணி நேரம் போனதே தெரியாமல் தமிழிலேயே பேசிவிட்டு, "இன்னைக்கு நல்லா இருந்துச்சுல்ல?" என்று வீடு திரும்புவோம். நன்றாகத்தான் இருந்தது, அதில் பொய்யில்லை.

சரி, பேசப் பேசத் தானாக வந்துவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. ரிச்சர்ட் ஷ்மிட் என்ற மொழியியலாளர் 1983இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதற்கு நல்ல பதில். ஹவாயில் குடியேறிய ஜப்பானிய ஓவியர் ஒருவரை அவர் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார். ஆய்வில் அவருக்கு வைத்த பெயர் வெஸ். கலகலப்பான மனிதர். ஆங்கிலம் பேசும் நண்பர்கள், ஆங்கிலத்திலேயே தொழில். மூன்று ஆண்டுகளில் வெஸ் பேச்சில் நன்றாகத் தேறினார்; கேட்டார், மறுத்தார், நகைச்சுவை செய்தார், காரியத்தைச் சாதித்தார். இலக்கணமோ கிட்டத்தட்ட வந்த இடத்திலேயே நின்றது. இறந்தகால விகுதி, பன்மை விகுதி எல்லாம் பெரும்பாலும் காணோம். வகுப்பு எதற்கும் போகாமல், கூடுகையிலேயே வாழ்ந்த மனிதர் என்று வெஸ்ஸைச் சொல்லலாம்.

வெஸ்ஸைத் தோல்வி என்று நான் சொல்லமாட்டேன். ஓவியருக்கு அது போதும். அலுவலகத்துக்கு மின்னஞ்சல் எழுத வேண்டியவருக்கும் நேர்முகத் தேர்வில் உட்கார வேண்டியவருக்கும் போதாது. காரணம் இதுதான்: கேட்பவருக்குப் புரியாமல் போகிற தவறுகள் தாமாகத் திருந்திவிடும், ஏனென்றால் எதிராளி முகத்தைச் சுளிப்பார். புரிந்துவிடுகிற தவறுகள் அப்படியே தங்கிவிடும். ஆங்கிலத்தின் 'த' (the) என்ற சொல்லுக்குத் தமிழில் வேலையே இல்லை, ஆகவே நாம் அதை விழுங்கிவிடுகிறோம். யாருக்கும் அர்த்தம் கெடுவதில்லை, யாரும் சொல்வதில்லை, பத்து வருடம் கழித்தும் விழுங்கிக்கொண்டே இருப்போம். உச்சரிப்பும் இப்படித்தான். 'வெட்' என்றால் ஈரம், 'வெட்' என்றால் கால்நடை மருத்துவர். ஆங்கிலத்தில் முதலாவதற்கு உதடு குவியும், இரண்டாவதற்கு மேல்பல் கீழுதட்டில் படும். தமிழில் எழுதினால்கூட வித்தியாசம் காட்ட முடியவில்லை பாருங்கள், நம் வாய் எங்கே காட்டப்போகிறது.

வகுப்புக்குப் போனால் மட்டும் திருத்திவிடுகிறார்களா? இங்கேதான் அந்த "யூ வென்ட் டு த டாக்டர்" விவகாரம் வருகிறது. தவறைச் சுட்டாமல், சரியான வடிவத்தில் திருப்பிச் சொல்வது ஆசிரியர்கள் எல்லோருக்கும் கைவந்த வழி. ராய் லிஸ்டர், லெய்லா ரான்டா இருவரும் 1997இல் வெளியிட்ட ஆய்வில், கனடாவில் பிரெஞ்சு வழியில் படிக்கும் பள்ளிப் பிள்ளைகளின் வகுப்புகளைப் பதிவுசெய்து பார்த்தார்கள். ஆசிரியர்கள் செய்த திருத்தங்களில் பாதிக்கு மேல் இந்த வகை. பிள்ளைகள் மிகக் குறைவாக எதிர்வினை காட்டியதும் இந்த வகைக்குத்தான். "எப்படிச் சொன்னாய்? இன்னொரு தடவை சொல்" என்று பந்தைத் திருப்பி நம் பக்கமே தள்ளும்போது நிலைமை வேறு. அவர்கள் பிள்ளைகள், மொழி பிரெஞ்சு. ஆனாலும் அதைப் படித்தபோது "யெஸ், யெஸ், ஐ கோ" என்று தலையாட்டிய என் முகம்தான் எனக்கு ஞாபகம் வந்தது. தன்னார்வலர்களுக்கு நம் மனம் புண்படக் கூடாது என்ற கவலை அதிகம். "என்னை நிறுத்தித் திருத்துங்கள்" என்று நாமே வாய்விட்டுக் கேட்டால்தான் செய்வார்கள். கேட்டால் நிச்சயம் செய்வார்கள்.

இன்னொரு கணக்கையும் மறைக்கக் கூடாது. மொழித் திறனை அளக்கும் ஐரோப்பிய மொழிச் சட்டகத்தில் ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகள். அன்றாடத் தேவைகளைச் சின்னச் சின்ன வாக்கியங்களில் சொல்லும் ஏ2 படியை எட்ட 180 முதல் 200 மணி நேரம், ஓரளவு தனித்துச் சமாளிக்கும் பி1 படிக்கு மொத்தம் 350 முதல் 400 மணி நேரம், ஆசிரியர் துணையோடு படிக்க வேண்டியிருக்கும் என்பது கேம்பிரிட்ஜ் தேர்வு அமைப்பு தரும் உத்தேசம். வாரத்துக்கு ஒரு மணி நேரம் என்று போனால் ஏ2இலிருந்து பி1க்கு அந்த ஒரு படி ஏற மூன்று, நான்கு வருடம். ஆக வகுப்பும் சரி, கூடுகையும் சரி, தனியாக யாரையும் கரை சேர்க்காது. வீட்டில் கேட்டதையும் படித்ததையும் கொண்டுபோய்ச் செலவழிக்கிற இடங்கள் அவை. கையில் ஒன்றும் இல்லாமல் போனால் அங்கேயும் ஒன்றும் நடக்காது.

முழுநேரமாகப் படிக்க முடிந்தவர்கள் அரசு வகுப்புகளையே முதலில் பார்க்க வேண்டும். கனடாவின் லிங்க் திட்டம் 1992இலிருந்து நடக்கிறது, ஆஸ்திரேலியாவின் ஏ.எம்.இ.பி. 1948இலிருந்து. பயிற்சி பெற்ற ஆசிரியர், நிலை பார்த்துப் பிரித்த வகுப்பு எல்லாம் உண்டு. ஏ.எம்.இ.பி.யில் வகுப்பு நேரத்தில் பள்ளிக்குப் போகாத சின்னப் பிள்ளைகளையும் இலவசமாகப் பார்த்துக்கொள்கிறார்கள். இதைச் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். கைக்குழந்தையோடு இருக்கும் பெண்களுக்கு எந்த வகுப்பு என்பதை முடிவுசெய்வதே இதுதான். ஆனால் இங்கெல்லாம் விசா கேட்பார்கள். லிங்க் முக்கியமாக நிரந்தர வதிவிடம் கிடைத்தவர்களுக்கும் அகதிப் பாதுகாப்பு பெற்றவர்களுக்கும்தான். சர்வதேச மாணவர்களுக்கு இடமில்லை. நூலக வகுப்பிலும் கூடுகையிலும் பெயரைச் சொன்னால் போதும்.

டோஸ்ட்மாஸ்டர்ஸைச் சிலர் சிபாரிசு செய்வார்கள். 1924இல் தொடங்கிய மேடைப்பேச்சுக் கழகம் அது, மொழி வகுப்பு அல்ல. முன்கூட்டிச் சொல்லாத தலைப்பில் ஒன்றிரண்டு நிமிடம் பேச வேண்டிய சுற்று ஒன்று உண்டு. 'ஆ', 'ம்' என்று எத்தனை தடவை இழுத்தோம் என்று எண்ணவே ஒருவர் உட்கார்ந்திருப்பார். பி1 தாண்டியவர்களுக்கு அருமையான இடம். அதற்குக் கீழே இருப்பவர்கள் போனால் அடுத்த வாரம் காய்ச்சல் வரும்.

மத அமைப்புகள் நடத்தும் வகுப்புகள் பற்றி ஒரு வார்த்தை. பல வகுப்புகள் வெறும் மொழி வகுப்புகளே, அன்போடு நடத்துகிறார்கள். சிலவற்றில் பாடம் முடிந்ததும் வேத வாசிப்பு தொடரும். அதில் இருப்பதும் எழுந்து போவதும் உங்கள் விருப்பம். முதல் நாளே கேட்டுவிடுவதில் தப்பில்லை, யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

இப்போது என் கட்சி. ஒரு மாலைதான் உண்டு, பேச வாயே எழவில்லை என்றால், முதல் மூன்று மாதம் வகுப்பு. அதுவும் இரண்டிரண்டு பேராகப் பேசவிடும் வகுப்பு. அந்த நிலையில் கூடுகைக்குப் போனால் மூலையில் நின்று கைப்பேசியைத் தடவிவிட்டு வருவோம். ஐந்து கேள்விகளுக்குப் பயமில்லாமல் பதில் சொல்ல வந்ததும் கூடுகைக்கு மாறிவிடுங்கள், சின்னதாக, அதே முகங்கள் வருவதாகப் பார்த்து. வகுப்பிலேயே வருடக்கணக்கில் ஒட்டிக்கொண்டிருப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அங்கே பாதுகாப்பாக இருக்கிறது, அதனால் வெளியே வருவதில்லை.

கூடுகைக்கு மாறும்போது வகுப்பில் இருந்த ஒன்றை மட்டும் கூடவே எடுத்துப் போங்கள். பலகை விளையாட்டுக் குழுவில் எனக்குப் பழக்கமான ஒருவரிடம், ஒவ்வொரு வாரமும் கிளம்பும்போது நான் சொன்னதில் தப்பாக இருந்த ஒன்றே ஒன்றைச் சொல்லுங்கள் என்று கேட்டு வைத்தேன். முதலில் கூச்சப்பட்டார். மூன்றாவது வாரம், கோட்டை மாட்டிக்கொண்டே தயங்கித் தயங்கிச் சொன்னார். விளையாட்டு விதி எதுவும் புரியாதபோது நான் "ஐ ஹேவ் எ டவுட்" என்கிறேனாம். அவர்கள் ஊரில் அதற்கு அர்த்தம், நீ சொல்வதை நான் நம்பவில்லை என்பதாம். "கொஸ்டின்" என்று சொல்லேன் என்றார். வேலை இடத்தில் எட்டு மாதமாக ஒவ்வொரு கூட்டத்திலும் என் மேலாளர் பேசி முடித்ததும் நான் கையைத் தூக்கிச் சொன்ன முதல் வாக்கியம் அதுதான்.