ஷார்ப்பா, ஸ்ட்ராங்கா? தமிழ் எழுத்தின் ஓரத்துக்கு எது?

பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் டிசைன் வேலை பார்த்தால் ஒரே திருவிழா நோட்டீஸில் தமிழும் வரும், மலையாளமும் வரும். இரண்டுமே வளைவெழுத்து. வளைவில்தான் பிக்சல் பல்லைக் காட்டும். அதனால் ஃபோட்டோஷாப்பில் எழுத்தின் ஓரத்தை மழுக்க (ஆன்டி-அலியாஸிங்) நன், ஷார்ப், கிரிஸ்ப், ஸ்ட்ராங், ஸ்மூத் என்ற ஐந்தில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று தம்பிமார் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

'நன்' (None, அதாவது மழுக்கவே வேண்டாம்) வைத்தால் ஒரு பிக்சல் ஒன்று எழுத்தின் நிறம், இல்லையென்றால் பின்னணி நிறம். ஓரம் படிக்கட்டாகத் தெரியும். ஆனாலும் இதை ஒதுக்கிவிடாதீர்கள். பின்னணி இல்லாத ஜிஃப் படத்துக்கு இதுதான் சரி. ஜிஃபில் பாதி மறைவு என்பதே கிடையாது. மழுக்கிய எழுத்தை வேறு நிறத்தின் மேல் வைத்தால் சுற்றிலும் வெள்ளை விளிம்பு ஒட்டிக்கொண்டு வரும்.

ஷார்ப், கிரிஸ்ப், ஸ்ட்ராங், ஸ்மூத் நான்கும் ஓரப் பிக்சலில் இரண்டு நிறத்தையும் கலக்கின்றன. தலைப்பு அளவு எழுத்தில் நான்கும் ஒன்றுபோலத்தான். 12, 14 பிக்சலுக்கு இறங்கும்போதுதான் சோதனை. மெய்யெழுத்தின் புள்ளி அங்கே ஏறக்குறைய ஒரே பிக்சல். ஸ்மூத்தில் அது வெளிறி, 'கண்' என்பது 'கண' ஆகிவிடுகிறது. ஆங்கிலத்துக்கு எழுதிய பாடங்களில் இந்தக் கவலை இருக்காது. ஸ்ட்ராங் எழுத்தைத் தடிப்பாக்கிப் புள்ளியைக் காப்பாற்றும், ஆனால் 'ண', 'ஞ' சுழிகள் அடைபடும். மலையாளக் கூட்டெழுத்துகளும் அப்படியே. ஷார்ப்பில் சுழி திறந்திருக்கும், மெல்லிய கோடு மட்டும் உடைந்ததுபோல் தெரியும். என் கை போவது கிரிஸ்ப்புக்கு. அதிலும் புள்ளி நிற்காவிட்டால் எழுத்தை இரண்டு அளவு பெரிதாக்குவேன், வேறு வழி தேடமாட்டேன்.

ஜிம்ப்பில் இந்த ஐந்தும் இல்லை. மழுக்கலாம், மழுக்காமல் விடலாம், அவ்வளவுதான். கூடவே ஹின்டிங், அதாவது எழுத்தின் கோடுகளைப் பிக்சல் கட்டத்தோடு பொருத்தும் வசதி, உண்டு. அதை 'ஃபுல்' வைத்தால் பிக்சல் கட்டத்துக்குள் இழுத்து எழுத்தின் வடிவமே மாறும், 'ஸ்லைட்' போதும்.

அச்சுக்குப் போகும் விசிட்டிங் கார்டில் இந்தத் தேர்வுக்கே வேலையில்லை. டெக்ஸ்ட் லேயரைப் படமாக மாற்றாமல் பிடிஎஃப் ஆகச் சேமித்தால் எழுத்து கோட்டு வடிவமாகவே அச்சகத்துக்குப் போகும்.

வாட்ஸ்அப்பில் போகும் நோட்டீஸ்தான் பாவம். பச்சை மேல் சிவப்பு எழுத்து வைத்தால் ஜேபெக் சுருக்கத்தில் நிறம் பரவி, நாம் பார்த்துப் பார்த்து வைத்த ஓரம் கலங்கிவிடும். ஃபோட்டோவாக அல்லாமல் டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள்.